வேலி தாண்டிய விதைகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் கடந்து உரும்பிராயை அடையும்போது இரு மருங்கிலும் செம்மண் தோட்டங்களைக் காண்பர். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை, மரவள்ளி என்று அம்மண்ணில் விளைந்தவற்றைப் பற்றி எழுதியோர் பலர். அவற்றுக்கு விலை உண்டு, வரி உண்டு, வெளியூர் வாணிகம் உண்டு, ஆதலால் ஏடுகளிலும் இடம் உண்டு. அதே தோட்டக்காரனின் முற்றத்தோரத்திலும் வேலியடியிலும் ஆண்டு முழுவதும் பூத்து நின்ற செடிகளுக்கு மட்டும் வரலாறு எழுதுவார் இல்லை. பூ என்றால் அது கவிஞனுக்கு உரியது, தவறினால் பூசகருக்கு உரியது என்று நாம் ஒதுக்கிவிட்டோம்.

பூவை உழைப்பின் பக்கம் நின்று பார்த்தால் என்ன தெரியும்? விதை எங்கிருந்து வந்தது, தண்ணீர் யாருடையது, இறைத்த கை யாருடையது, ஒரு செடியைக் கேட்டு வாங்கும் உரிமை எவருக்கு இருந்தது என்னும் கேள்விகள் எழும். அவற்றை இங்கே எழுப்பிப் பார்ப்போம்.

ஒரு மாரியோடு மடிந்து போகாமல், ஆண்டுகள் பல நின்று பூக்கும் செடிகளை எமது ஊர்களிலே இரு வழிகளில் வளர்த்தார்கள். ஒன்று கம்பு நடுதல். செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, மல்லிகை முதலியன இவ்வழியில் பெருகுவன. மற்றையது விதை போடுதல். பட்டிப்பூ, அந்திமந்தாரை, கல்வாழை, கனகாம்பரம், காக்கணவன் என்பன விதையிலிருந்து எளிதில் வருவன. கல்வாழையைக் கிழங்காலும் பெருக்கலாம். கனகாம்பரத்தைக் கம்பாலும் பெருக்கலாம். எனினும் இவ்விரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு தாவரவியலோடு முடிந்து விடுவதன்று.

கம்பு வேண்டுமானால் கேட்க வேண்டும். ஒழுங்கையில் நின்று படலையைத் தட்ட வேண்டும். உள்ளே அழைக்கப்பட வேண்டும். வளவுக்குள் நடந்து சென்று, “இதில் ஒரு கம்பு முறித்துத் தாருங்கோ அக்கா” என்று சொல்லும் உறவு இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வளவு வேலியால் ஆனது. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நின்று, கிடுகோ பனையோலையோ வரிந்து கட்டப்பட்ட அந்த வேலி, ஆட்டையும் மாட்டையும் மட்டும் மறிப்பதாய் இருக்கவில்லை. இன்னார் படலை வரை, இன்னார் முற்றம் வரை, இன்னார் விறாந்தை வரை என்று ஒவ்வொரு சாதிக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு ஒரு செவ்வரத்தங்கம்பு கூட உறவின் வழியாகக் கிட்டாது. கிட்டினும் அது கொடையாகவே கிட்டும். விதைக்கோ படலை இல்லை. பட்டிப்பூக் காய் முற்றி வெடித்தால் அதன் கறுத்த சிறு விதைகள் வேலியடியில் கொட்டும். மழை வெள்ளம் அவற்றை ஒழுங்கைக்குக் கொண்டுபோகும். கனகாம்பரத்தின் காயோ இன்னும் வேடிக்கையானது. காய்ந்த காயில் ஒரு துளி நீர் பட்டதும் “சடக்” என்று வெடித்து விதையைச் சில முழ தூரம் எறியும். மழைநாளில் அச்செடிகளின் அருகே நின்று கேட்ட சிறுவர் எவரும் அந்த ஓசையை மறவார்.

ஆகவே நிலமற்றோர் குடியிருந்த சிறு கொட்டில்களின் வாசலில் எவ்வகைப் பூக்கள் நின்றன என்று நினைவுகூர்ந்து பார்த்தால், அவை பெரும்பாலும் விதைப்பூக்களே என்பது புலனாகும். பெரிய வளவுகளில் கம்பும் விதையும் கலந்திருந்தன. ‘ஏழைகளின் பூ’ என்று சிலவற்றை இகழ்ந்த வழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் கிடந்தது.

இனித் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியில் பெய்வது சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் தங்கும். கல்லை உடைத்துக் கிணறு தோண்டித்தான் அதை மேலே கொணர வேண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் செடிக்கு எவரும் நீர் வார்க்க வேண்டியதில்லை. பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரையில் ஒரு செடி பல்லாண்டுச் செடியாக நிலைப்பதும் நிலையாததும் கிணற்றையே பொறுத்தது.

நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன், தோட்டக் கிணறுகளில் துலா நின்றது. துலாவின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பான். கீழே நிற்பவன் பனையோலையால் ஆன பட்டையைத் தாழ்த்தி மொண்டு வாய்க்காலிற் சரிப்பான். தோட்டத்திலே மூன்றாமவன் ஒருவன் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவான். விடியுமுன் தொடங்கும் இந்த வேலையைச் சிறு விவசாயிகள் தம் குடும்பத்தோடு தாமே செய்தனர். நிலம் கூடியவர்களின் தோட்டங்களிலே ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பு சேர்ந்தது. தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் ஏட்டில் எழுதுவித்தபோது, அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. இலங்கையிலே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். சட்டம் ஒழிந்த பின்னும் குடிமையும் வழமையும் ஒழியவில்லை. துலா மிதித்துப் பிறருடைய தோட்டத்துக்கு நீர் இறைத்தவனின் பெண்சாதி, ஊர்ப் பொதுக்கிணற்றின் கட்டிலே ஏற முடியாது. குடத்தோடு தள்ளி நின்று, யாரேனும் இரங்கி வார்ப்பார்களா என்று காத்திருக்க வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்னரும் கிணறுகளுக்காகப் போராட்டங்கள் நடத்த வேண்டியிருந்தது.

அப்படிக் காத்திருந்து கொணர்ந்த குடத்து நீரில் குடிக்கப் போக, சமைக்கப் போக, குழந்தையைக் குளிப்பாட்டப் போக எஞ்சியதே செடிக்கு. கை கழுவிய நீரிலும் பானை கழுவிய நீரிலும் பிழைக்கக்கூடிய செடியே அந்த வாசலில் நிலைக்கும். பட்டிப்பூவைப் போல அதற்கு இணங்கிய செடி வேறில்லை. ஒரு முறை வேரூன்றிவிட்டால் சித்திரை வெயிலிலும் அது பூத்துக் கொண்டிருக்கும். மாறாக, நீர் மிகுந்து தேங்கினாலே அழுகிவிடும்.

இந்தப் பட்டிப்பூவும் எமது மண்ணிற் பிறந்ததன்று. வாசகர் சிலருக்கு இது வியப்பளிக்கலாம். தமிழ்நாட்டிலே நித்தியகல்யாணி என்று மங்கலமாகவும், சுடுகாட்டு மல்லி என்று அமங்கலமாகவும் அதை அழைக்கின்றனர். சிங்கள மக்களும் பிணத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து ‘மினீமல்’ என்பர். நீர் வார்ப்பார் இல்லாத இடுகாட்டிலும் தானே முளைத்துப் பூப்பதால் வந்த பெயர்களாக இவை இருக்கலாம். அதன் தாயகம் ஆபிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர்த் தீவு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கிருந்து விதைகள் பாரிசு நகரத்து அரச தோட்டத்துக்குச் சென்றன. அங்கிருந்து இலண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தில் பிலிப் மில்லரின் கைக்கு எட்டின. 1759இல் லினேயசு அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பின்னர், கப்பல்கள் சென்ற வெப்பநாடுகள் யாவற்றிலும் அது பரவியது.

அந்திமந்தாரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஐரோப்பியர் அதைப் பெரு நாட்டின் அதிசயம் என்றனர். எமது உயிரியல் ஆசிரியர்கள் இச்செடியை நன்கு அறிவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் கொறென்ஸ் என்ற ஜேர்மானிய அறிஞர் இதைக் கொண்டே, செம்பூச் செடியும் வெண்பூச் செடியும் கலந்தால் இளஞ்சிவப்பு மலரும் விதத்தை ஆராய்ந்தார். இலையின் பசுமை தாய்ச்செடி வழியாகவே இறங்குகிறது என்பதையும் அவர் இதே செடியிற் கண்டார். அந்த ஆய்வைக் கரும்பலகையில் எழுதி விளக்கும் ஆசிரியர், பள்ளி வேலியோரத்தில் நிற்கும் அந்திமந்தாரையிலிருந்து மிளகு போன்ற நாலு விதைகளைப் பொறுக்கிப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தால் என்ன?

கல்வாழையும் அமெரிக்கச் செடியே. அதன் விதை துப்பாக்கிக் குண்டு போற் கடினமானது. ஆர்ஜென்டீனாவில் ஒரு பழைய கல்லறையிலே, கிலுகிலுப்பைக்குள் அடைபட்டுக் கிடந்த கல்வாழை விதை ஒன்று ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின் முளைத்ததாக அறிவியலாளர் எழுதியுள்ளனர். தமிழிலே ‘ஈழத்தலரி’ என்று பெயர் பெற்ற மரமும் நடு அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஈழத்தின் பெயரையே சூடிக்கொண்டு, கோயில் வீதிகளில் முதியவர் போல் நிற்கும் அம்மரத்தைப் பார்த்து அது அயலூரான் என்று யார் சொல்வார்?

எல்லாமே வெளியிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடுவதும் பொருந்தாது. கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. வேலியிற் படரும் காக்கணவனைச் சங்கத் தமிழர் நிறம் பிரித்து அறிந்திருந்தனர். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் வெள்ளையும் நீலமும் செருவிளை, கருவிளை என்று தனித்தனியே இடம்பெறுகின்றன. ஆனால் போர்த்துக்கேயர் 1619இலும் ஒல்லாந்தர் 1658இலும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய காலத்துக்கு முன்னும் பின்னுமாக, உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த செடிகள் சில தலைமுறைகளுக்குள் தமிழ்ப் பெயர் பெற்று, முற்றத்தில் உரிமை பெற்று, பழமையின் அடையாளமாகவே மாறிவிட்டன. ‘ஆதிகாலந்தொட்டு’ என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு அந்திமந்தாரை நினைவுக்கு வருகின்றது.

பட்டிப்பூவின் கதை இதோடு முடியவில்லை. யமேக்காவிலே அதன் இலையை அவித்த நீரை நீரிழிவுக்குப் பருகும் வழக்கம் ஏழை மக்களிடையே இருந்தது. 1952இல் அந்த இலைகள் சில கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொபேட் நோபிளுக்கு அஞ்சலில் வந்தன. அவரது ஆய்வில் எலிகளின் சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. வேதியியலாளர் சார்ள்ஸ் பியரோடு சேர்ந்து அதன் காரணத்தைத் தேடியதில், புற்றுநோய்க்கு எதிரான வின்பிளாஸ்டீன் என்னும் மருந்து கிடைத்தது. அமெரிக்க நிறுவனமான எலி லில்லியின் ஆய்வாளர்கள் வின்கிறிஸ்டீனையும் பிரித்தெடுத்தனர். 1960களின் தொடக்கத்தில் இரண்டும் மருத்துவத்துக்கு வந்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய உறுதியான மரணமாய் இருந்த நிலை மாறியதில், பிற மருந்துகளோடு வின்கிறிஸ்டீனுக்கும் பெரும் பங்குண்டு.

ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். திருநெல்வேலிச் சீமை போன்ற தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் மானாவாரி உழவர் இதைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் எடைபோட்டு விற்றனர். மருந்தின் விலையை நிறுவனம் குறித்தது; இலையின் விலையைத் தரகர் குறித்தார். செடியின் தாயகமான மடகாஸ்கருக்கோ இலாபத்தில் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. உயிர்வளத்தின் மீது நாடுகளுக்கு உள்ள உரிமையை 1992ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை ஏற்றபோது, இந்தச் செடியே பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. உரும்பிராய்க்கு வடக்கே சில மைல் தொலைவில், தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே போகும் தாய்மாரிற் பலர், தம் படலையடியில் நிற்கும் செடிக்கும் குழந்தையின் கையில் ஏறும் மருந்துக்கும் உள்ள உறவை அறியார். அதைச் சொல்லிக் கொடுக்கும் கடமை ஆசிரியர்களாகிய எம்முடையது.

விதையை முளைக்க வைக்கும் கைத்திறன் பற்றியும் கூறாமல் அப்பாற் செல்ல முடியாது. வலிகாமத்துத் தோட்டக்காரர் தூசி போன்ற புகையிலை விதையைக் கன்றாக்கத் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். திருவிதாங்கூர் வரை சென்ற யாழ்ப்பாணப் புகையிலையின் செல்வம் அந்தச் சிறு நாற்றுமேடையிலேயே தொடங்கியது. மண்ணைப் பொடியாக்கி, மக்கிய எருவைக் கலந்து, மேடையை உயர்த்தி, விதையைச் சாம்பலோடோ மணலோடோ கலந்து தூவி, கிடுகால் நிழல் கொடுத்து, பூவாய் நீர் தெளிக்கும் அந்த அறிவு, பூச்செடிக்கும் அப்படியே பொருந்தும். பட்டிப்பூ விதை இருளில் நன்கு முளைப்பது. ஆகவே மெல்லிய மண் போர்வை இட்டு, முளை தெரியும் வரை மூடி வைத்தல் வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் முளை காணும். கண்டவுடன் மூடாக்கை நீக்க வேண்டும். தாமதித்தால் கன்று வெளிறி நீண்டு சாயும். இரண்டு மூன்று மாதத்திற் பூ. கல்வாழை விதையைக் கருங்கல்லில் உரசி, தோல் சற்றுத் தேய்ந்து உள்வெண்மை தெரிந்த பின் நீரில் ஊறவிட வேண்டும். அந்திமந்தாரைக்கும் காக்கணவனுக்கும் ஓர் இரவு ஊறினாற் போதும். கனகாம்பரத்துக்குப் பொறுமை வேண்டும். சில நாள் பிந்தி முளைத்ததைப் பழுதென்று கிளறி எறிந்தவர்கள் பலர், நாமும் அவர்களுள் ஒருவர்.

இவ்வறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. துலா மிதித்தவனும் களை பிடுங்கியவளும் அதைக் கையில் வைத்திருந்தனர். 1821இல் பேராதனையில் அரசினர் பூந்தோட்டம் அமைந்தது. 1901இல் பள்ளித் தோட்டத் திட்டம் இலங்கையில் தொடங்கிற்று. 1904இல் விவசாயச் சங்கம் உருவாயிற்று. பள்ளிப் பாத்திகளில் காய்கறியும் பூவும் முளைத்தன. ஆயினும் அக்கால வகுப்பறையைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட பிள்ளைக்கு வாங்கு இல்லை, தரையே இடம். உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்ற உத்தரவு 1929இல் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதை எதிர்த்துப் பள்ளிகளைக் கொளுத்தவும் துணிந்தனர். சைவத்தின் பேராலும் வழமையின் பேராலும் அது நியாயப்படுத்தப்பட்டது. விதையை வரிசையாக ஊன்றக் கற்பித்த பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக இருத்த முடியவில்லை!

கோயில் நந்தவனத்துக்கு வருவோம். பூப்பறித்து மாலை கட்டும் பணி பண்டாரங்களுக்கு உரியதாய் இருந்தது. நந்தவனத்துக்குக் கிணறு வெட்டிய கைகளும், கல் சுமந்த தோள்களும், எரு இட்ட கூடைகளும் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுடையவை. கடல் கடந்து வந்த ஈழத்தலரி சுவாமியின் கழுத்தில் ஏறியது. அதை எவரும் ‘எந்த நாட்டாய், எந்தக் குலத்தாய்’ என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊர்க் கிணற்றையே வெட்டிய மனிதனுக்கென்று வைத்திருக்கப்பட்டது. 1956இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் எல்லோருக்கும் திறந்தது. 1968இல் மாவிட்டபுரத்திலோ, கோயில் வாயிலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்த மக்கள் தடிகளையும் பூட்டிய கதவையும் எதிர்கொண்டனர். அன்றும் உள்ளே பூசைக்குப் பூ இருந்திருக்கும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. போர் உரும்பிராயை நெருங்கிக் கொண்டிருக்க, மழையில் நனைந்தபடி, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போன இலட்சக்கணக்கானோரில் நாமும் இருந்தோம். வேலி இருந்தவனும் வேலிக்கு வெளியே நின்றவனும் ஒரே வீதியில் ஒரே சேற்றில் நடந்தார்கள் என்று பின்னாளிற் சொல்லிக் கொண்டோம். சாவகச்சேரிப் பக்கத்துக் கிணறுகளில் நீருக்குக் கூடிய வரிசைகளில் பழைய கேள்விகள் எழுந்ததையும் சேர்த்துச் சொன்னவர்கள் குறைவு.

1996ஆம் ஆண்டு ஏப்பிரல் கழிய ஊர் திரும்பினோம். ஆறு மாதம் ஆளில்லாத வளவு. கூரை இல்லை; துலாக்கால் சரிந்து கிடந்தது; கிணற்றில் எதை எதையோ போட்டிருந்தார்கள். நீர் வார்த்து வளர்த்த ரோசாவும் குரோட்டனும் பட்டுப் போயின. மல்லிகைப் பந்தல் விழுந்து, கொடி கருகியிருந்தது. நாம் போன பின் பெய்த மாரியில் தாமே முளைத்த பட்டிப்பூக்கள், உடைந்த சுவரின் வெடிப்பிலும் அடுப்பங்கரையின் சாம்பலிலும் இடுப்பளவு நின்றன. அந்திமந்தாரை கிணற்றடியிலிருந்து ஒழுங்கை வரை வந்திருந்தது. வேலி எரிந்தும் உக்கியும் போனதால், எந்தச் செடி எந்த வளவினது என்று பிரித்தறிய முடியவில்லை. எமது வளவுக்கும் பின்வளவுக்கும், அதற்கு அப்பால் இருந்த கொட்டில்களின் நிலத்துக்கும் ஒரே விரிப்பாக வெள்ளையும் ஊதாவும் பூத்திருந்தன.

அவ்வாண்டு மாரி தொடங்கியதும், பழைய எல்லைக் கல்லைத் தேடி எடுத்து, கயிறு பிடித்து, கதியால் நட்டோம். கயிற்று வரிசையில் நின்ற பட்டிப்பூச் செடிகளைப் பிடுங்கி இரு புறமும் எறிந்தோம். மழை விட்ட பின் பார்த்தபோது, எறிந்த இடங்களிலெல்லாம் கன்றுகள் முளைத்திருந்தன.